ட்ராக்கில் ஒரு பெரட்டு

ஐயா, இதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டே விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாய் என்பதற்காகத்தான் கைப்பேசியில் அனுப்பாமல் தாளில் எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவையும் சரியாக வருமா என்று தெரியவில்லை. "பக்கத்து ரூம்புல இருக்கிற புள்ளைக்கு எதுக்குங்க லெட்டரு?" என்று உன் அம்மா கேட்கிறாள். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் உடனே "சரி விடு" என்று எழுந்து போய்விடுவேன். இருபத்தொன்பது வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் குகனின் பெயரை அடித்தாய். ஒரு கோடு போட்டால் போதாதா? தாள் கிழிகிற மாதிரி நான்கு கோடு. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் உன்னோடு ஒரே அறையில் இருந்தவன், உங்கள் கார் கிளப்பையே உன்னோடு சேர்ந்து தொடங்கியவன், மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போகிறான் என்று சட்டைக்கு அளவு கொடுத்தவன். "அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்பா" என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ஏழு வாரத்துக்கு முன், கார் ஓட்டும் அந்த ட்ராக்கில், காலையில் சொல்ல வேண்டியதை உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு அதற்காக உன்னையே வெளியே அனுப்பினான் என்பதுதானே அவன்மேல் உனக்குள்ள கோபம்? ஆனால் நடந்தது வேறு. நீ இல்லாத நேரத்தில் உன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டது நான். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் கடைசிவரை சொல்லாமலே முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அதோடு, ஏழு வாரமாக என் வயிற்றில் கிடக்கிற எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

நான் ட்ராக்குக்கு வந்ததே உன் அம்மா சொல்லித்தான். சொந்தக் காரைக் கொண்டுபோய், காவலுக்கு ஆள் நிற்கிற மூடிய பாதையில், கட்டணம் கட்டி, முடிந்த வேகத்தில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வருவது ஒரு பொழுதுபோக்கு என்பதே அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். "ஏங்க, கல்யாணத்த வச்சிக்கிட்டு இவன் கார ஓட்டப் போறானா, காச ஓட்டப் போறானா, ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். உன்னிடம் கேட்டபோது நீ சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாய். "வாங்கப்பா, செலவே இல்ல. ஹோட்டல்ல படுத்தாதான் காசு. நாங்கள்லாம் டெண்டு போட்டுருவோம், சொந்தமா ஆக்கிச் சாப்புடுவோம். ஃப்ரீ லா!"

ஃப்ரீ என்ற சொல்லுக்கு நீ என்ன பொருள் வைத்திருக்கிறாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வழியில் உன்னிடம் விசாரித்தேன். ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு நூற்றிருபது வெள்ளி. அதை மிச்சம் பிடிக்க நீ வாங்கியவை: ஒரு கூடாரம், ஊதிக்கொள்ளும் மெத்தை, மடக்கு மேசை, ஆள் இரண்டுக்கு நான்கு மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பேட்டரியில் ஓடும் விசிறி, சின்ன கேஸ் அடுப்பு. அந்தக் காசுக்கு எட்டு இரவு கட்டிலில் படுத்திருக்கலாம். நீ வருஷத்துக்கு மூன்று தடவை போகிறாய். "மூணு வருஷத்துல போட்ட காசு திரும்ப வந்துரும்பா" என்றாய். மூன்று வருஷம் அந்தக் கூடாரம் தாங்குமா என்று கேட்க நினைத்தேன். டோல் வந்துவிட்டது, நீ அட்டையைத் தேடினாய், கேள்வி அப்படியே போயிற்று. அது மட்டுமா? ஒரு நாளில் பாதி தேய்ந்துபோகிற டயரும் பிரேக்கும் கணக்கிலேயே வரவில்லை. அவற்றைக் கேட்டால் "அது வேற கணக்குப்பா" என்கிறாய். வேறு கணக்கு என்பது யாருடைய கணக்கு? ராவாங் தொழிற்சாலையில் நீ கூடுதல் நேர வேலை செய்து வாங்குகிற சம்பளம்தானே இரண்டுக்கும் போகிறது?

உன் நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாம் போய் இறங்கியபோது ஒருவன் என் பையை வாங்கிக்கொண்டான், இன்னொருவன் தேநீர் கொடுத்தான். "அங்கிள், நாளைக்கு ஒரு ரவுண்டு அடிக்கிறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "எனக்கு மெத்தைக்குப் போய்ச் சேந்தா போதும்பா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கார்கள், காருக்குப் பின்னால் கூடாரங்கள், ஒரு கூடாரத்தின் வாசலில் அண்டாவில் கறி. எல்லாரும் உன்னைப்போல மாதச் சம்பளக்காரர்கள். ஒருவன் லோரி ஓட்டுகிறான், ஒருவன் ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்துக் கொடுக்கிறான். பணக்காரர்கள் விளையாட்டை நாமும் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்று அரிசி மூட்டையோடு வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோபம் மறுநாள் காலையில்தான் வந்தது. ஊதிய மெத்தையில் காற்று இறங்கி முதுகு தரையில் கிடந்தது. குளியலறைக்குப் பதினோரு பேர் வரிசை. நீயோ மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல், கண் சிவந்து, முட்டை பொரிக்க உட்கார்ந்தாய். முட்டை பாதி வெந்தபோது கேஸ் தீர்ந்தது. மாற்று டின் வீட்டில், அடுப்பு வந்த பெட்டியிலேயே இருந்தது.

"பத்து நிமிஷம்பா, டவுனுக்குப் போயி கேஸ் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று எவனுடைய மோட்டார் சைக்கிளையோ வாங்கிக்கொண்டு போனாய். இரண்டு வெள்ளிக்கு அங்கேயே கடையில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ வாசலைத் தாண்டிவிட்டாய்.

ஏழரைக்குக் குகன் கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டான். அட்டையில் செருகிய பெயர்ப் பட்டியலோடு அவன் நடுவில் நின்றான். ஓட்டப்போகிறவர்கள் அரைவட்டமாக நின்றார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தான். "இருக்கேன்", மலாயில் "ஆடா", "யெஸ் பாஸ்" என்று பதில் வந்தது. எனக்குத் தோட்டத்து நாட்கள் நினைவுக்கு வந்தன. தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த இருபத்தாறு வருஷமும் பெரட்டில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை. குகனும் அதையேதான் சொன்னான்: "இங்க நின்னு கேட்டு, கையெழுத்துப் போட்டவன் மட்டும்தான் ட்ராக்குல எறங்கலாம். லேட்டா வந்தா சாயங்காலம் வரைக்கும் வேடிக்கதான், காசு திரும்பாது." நீ கட்டியிருந்த முந்நூற்றைம்பது வெள்ளி என் கண்முன் நின்றது. அப்போது உன் பெயரைக் கூப்பிட்டான்.

பெரட்டில் பிறருக்காகக் குரல் கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் நிற்பவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, அதிகம் உரக்காமல் சொல்ல வேண்டும். நானும் அப்படியே "இருக்கான்" என்றேன். குகன் அட்டையிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவன் விதிகளைச் சொல்லி முடித்த பிறகு பட்டியல் கைமாறி வந்தது. வாங்கி, உன் முழுப் பெயரையும் எழுதினேன். அவசரமே படாமல் எழுதினேன். அதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம்.

"குகன், அவன் இப்ப வந்துருவான்பா, கொஞ்சம் பொறு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மறுத்துவிடுவானோ என்று பயம். மறுத்தால் அத்தனை பேர் முன்னால் எனக்கு அவமானமாகிவிடுமே என்று பயம். தப்பான காரியம் செய்யத் தைரியம் இருந்தது, கேட்கத் தைரியம் இல்லை.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீ பிறப்பதற்கு முந்திய வருஷம், பெரட்டில் ஒரு பெண் வேலைக்கு வராத தன் புருஷனுக்காக "இருக்காருங்க ஐயா" என்றாள். அவர் குடித்துவிட்டு லயத்து வீட்டில் படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சண்டைக்கு வருவாளே என்று பயந்து பெயரைப் போட்டுவிட்டேன். அன்று மத்தியானம் பெருங்காற்றடித்து, பழைய காட்டில் எண்ணெய்ப்பனை மரங்கள் சாய்ந்தன. ஆட்களைத் திரட்டி, என் புத்தகத்தை வைத்துத்தான் தலையை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் நாலு பேரும் இரண்டு மணி நேரம் மழையில் சாய்ந்த மரங்களுக்குக் கீழே தேடினார்கள். தேடியவர்களில் ஒருவர் வாய்க்காலில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அவருக்குக் கடைசிவரை நடை சரியாகவில்லை. தேடப்பட்டவர் லயத்தில் தூங்கி எழுந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. பெரட்டு சம்பளத்துக்காக மட்டும் இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன பயன்? முப்பது வருஷம் கழித்து அந்தப் பெண் நின்ற இடத்தில் போய் நானே நின்றேன்.

குகன் சொன்ன விதிகளை நான் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன், பழக்கதோஷம். இரண்டாவது வளைவில் ஓரக்கல்லைப் பழுது பார்க்கிறார்கள், கூம்பு வைத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் ஆட்கள் நடமாடுவார்கள், அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. நீ எட்டு மணிக்குக் கேஸ் டின்னோடு வந்தாய். "ஐயா, ரெண்டாவது கோனாவுல…" என்று ஆரம்பித்தேன். "எனக்குத் தெரியும்பா, இந்த ட்ராக்குல எத்தன தடவ ஓட்டியிருக்கேன்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாய். பெரட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே, தாமதமாக வந்துவிட்டோமே என்ற நினைவே உனக்கு வரவில்லை. நினைத்திருந்தால் குகனைத் தேடிப் போயிருப்பாய். அதற்காகவும் உன்மேல் எனக்கு எரிச்சல் இருக்கிறது. ஆனால் துண்டுத்தாளை நீட்டினால் நான் அங்கே போய் நின்றதைச் சொல்ல வேண்டும். கையெழுத்தைச் சொல்ல வேண்டும். தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஹெல்மெட்டைக் கழற்று என்று அதட்டியிருக்க வேண்டிய தகப்பன், ஆறிப்போன முட்டையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீ கூம்புகளுக்கு நடுவே முன்னால் போன காரை முந்தினாய். விழுந்த கூம்பை எடுக்கக் குனிந்திருந்த அந்தப் பெண், கொடி பிடிக்கிறவள், பின்னால் துள்ளிப் புல்லில் விழுந்தாள். அடியில்லை. உன் காரின் பக்கக் கண்ணாடிக்கும் அவள் இடுப்புக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்குமா? நான் வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தேன். இன்றுவரை அந்த ஒரு முழத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

கறுப்புக்கொடி காட்டி உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். குகன் ஓடிவந்தான். "வண்டிய நிறுத்துடா. இன்னைக்கு இதோட போதும்."

"என்னாடா போதும்? எனக்கு யாரு சொன்னா கூம்பு இருக்குன்னு? காலையில எவனாச்சும் சொன்னீங்களா?"

குகன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான். விரல் ஓரிடத்தில் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், உன்னை அல்ல. பிறகு அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சரிடா, என் தப்பு. ஒனக்குச் சொல்லாம விட்டுட்டேன். ஆனா இன்னைக்கு நீ எறங்க முடியாது" என்றான்.

நீ அதைப் பிடித்துக்கொண்டாய். கூடாரத்தைச் சுருட்டக்கூடப் பொறுமையில்லாமல் பின் இருக்கையில் அள்ளிப் போட்டுக் கிளம்பினாய். வழியெல்லாம் அவனைத் திட்டினாய், நான் "ம்" கொட்டினேன். வீட்டுக்கு வந்து கிளப்பின் வாட்ஸாப் குழுவில் எழுதினாய்: குகன் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான், ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும், இவனை நம்பி எப்படி ட்ராக்கில் இறங்குவது என்று. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வாரமே ஏற்பாட்டாளர் பொறுப்பை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் நீ அதை ஜெயித்த மாதிரிச் சொன்னாய். உன் அம்மா மீன் துண்டு வைத்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி ராவாங் போய், அங்கிருந்து பத்தாங் காலிக்குப் போனேன். குகன் வேலை செய்யும் உதிரிபாகக் கடையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசலில் நின்று, சொல்ல வேண்டியதை மனத்தில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். அவனைக் கண்டதும் எல்லாம் மறந்துபோய், "குகன், அந்தக் கையெழுத்து…" என்று மட்டும் வந்தது.

"தெரியும் அங்கிள்" என்றான். "அவன் பேர அவன் பொறந்ததுலேருந்து அவ்வளவு அழகா எழுதுனதே இல்ல. பட்டியல் பூரா கிறுக்கலு, நடுவுல ஒரே ஒரு பேரு கவர்மென்ட்டு லெட்டர் மாதிரி இருக்கு. நம்ம கூடாரத்துல அப்படி எழுதுறவரு யாரு இருக்கா?"

"அப்ப ஏம்பா நீ சொல்லல?"

"எப்படி அங்கிள் சொல்றது? அத்தன பேருக்கு முன்னால ஒங்கள நிக்க வச்சா? முதுகப் புடிச்சிக்கிட்டு ஒரு மாதிரி நின்னீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தாலே அழுதுருவீங்க போல இருந்துச்சு. அவன் கோவம் ரெண்டு நாள்ல போயிரும்னு நெனச்சேன் லா." எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தான். "போகல."

எனக்கு உட்கார நாற்காலி போட்டான், காப்பி வாங்கி வந்தான். உன்மேல் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. "அவன் நல்லா ஓட்டுவான் அங்கிள். தூங்காம வந்து ஓட்டுறதுதான் அவன் பிரச்சன" என்றான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாலிடெக்னிக் விண்ணப்பப் பாரம் நினைவுக்கு வந்தது. நீ மோட்டார் வாகனப் பிரிவு கேட்டாய். "சரி" என்று சொல்லி, உன் சார்பில் நான் மின்சாரப் பிரிவு என்று நிரப்பினேன், அதில் வேலை நிச்சயம் என்று. அப்போதும் உன்னிடம் கேட்கவில்லை. நீ கேட்டபடி எழுதியிருந்தால், இன்று காசு கட்டிச் செய்கிறதை நீ சம்பளம் வாங்கிச் செய்துகொண்டிருப்பாயோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்தில் துணிந்து எழுதியிருக்கிறேன் என்பது மட்டும் தெரிகிறது.

ட்ராக்குக்குப் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். வருஷத்துக்கு மூன்று தடவை போகிற காசில் இரண்டு தடவை போ, கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டு ஓட்டு. சமைக்க வேண்டாம், ரொட்டி வாங்கித் தின். உன்னை நம்பி இனிமேல் சபாக்கிலிருந்து ஒரு பெண் வேறு வரப்போகிறாள். எதில் மிச்சம் பிடிப்பது என்பதை அவளிடமும் கேள். டயரும் பிரேக்கும் வேறு கணக்கு என்று அவளிடம் சொல்லிப் பார், அவள் என்னைப்போல் "ம்" கொட்டமாட்டாள்.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உங்கள் வாட்ஸாப் குழுவில் போடு. ஒரு பக்கத்தையும் விடாதே, நான் பயந்தது, சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் சேர்த்துப் போடு. அவனைக் குறை சொன்னதை எத்தனை பேர் படித்தார்களோ அத்தனை பேரும் இதைப் படிக்க வேண்டும். நான் இதைக் கேட்பதே எனக்குப் பெரிய காரியம், அதனால் "எதுக்குப்பா இதெல்லாம்" என்று என்னிடம் வராதே. நீ அப்படிக் கேட்டால் நான் மறுபடியும் "சரி விடு" என்று சொல்லிவிடுவேன்.

அழைப்பிதழ்கள் சனிக்கிழமை தபாலில் போகின்றன. எல்லா உறைகளிலும் முகவரி எழுதிவிட்டேன். ஓர் உறையில் மட்டும் எழுதவில்லை, உன் மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் குகன் பெயரை நீ எழுத வேண்டும். எழுதி, தபாலில் போடாமல் நீயே பத்தாங் காலிக்குக் கொண்டுபோய்க் கொடு. எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அது உன்னுடையதா என்றுதான் அவன் பார்ப்பான்.

அப்பா